சுங்கம் கட்டுவது யார்?

விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து நீளமான மதில் சுவர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அமைப்பு, மராட்டியர்களோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்றே ஒன்று, நம் செஞ்சி!

கோட்டைக்குள் போக நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். இந்தியர்களுக்கு ஒரு கட்டணம். தூர தேசங்களில் இருந்து வருபவர்களுக்கு அதைப் போல் பல மடங்கு. உங்களைப் போல் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு? கட்டணமே கிடையாது! ஜாலிதான்!

ஒரே கோட்டை, ஒரே படிக்கட்டு, ஒரே வெயில். ஆனாலும் ஆளுக்கு ஆள் விலை மாறுகிறது. இப்படி 'யாருக்கு எவ்வளவு, எதற்கு எவ்வளவு' என்று முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியலுக்கு ஆங்கிலத்தில் 'டாரிஃப்' என்று பெயர். தொலைக்காட்சிச் செய்திகளில் இந்தச் சொல்லை நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். பெரியவர்கள் மட்டும் பேசும் விஷயம் என்று நினைத்து விடாதீர்கள். உங்கள் வீட்டு வடைச் சட்டியில் ஊற்றும் எண்ணெயின் விலையைக்கூட இது ஏற்றும், இறக்கும். எப்படி என்று பார்ப்போமா?

ஒரு சொல், இரண்டு பொருள்

'தஃரீஃப்' என்று ஒரு அரபுச் சொல் இருக்கிறது. 'தெரியப்படுத்துதல்' என்று அதற்குப் பொருள். மத்தியதரைக் கடலில் வியாபாரம் செய்த இத்தாலிய வணிகர்களின் வாயில் அது 'தரிஃபா' ஆனது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் 'டாரிஃப்' ஆகிவிட்டது. இன்று அதற்கு இரண்டு பொருள் உண்டு.

முதல் பொருள், கட்டண விகிதம். லாட்ஜில் ஒரு அறைக்கு எவ்வளவு, மின்சாரம் ஒரு யூனிட் எவ்வளவு என்று சொல்லும் பட்டியல் இது. சென்னையில் இருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி இருக்கிறதே, அங்கே காருக்கு ஒரு தொகை, பேருந்துக்கு ஒரு தொகை, பெரிய லாரிக்கு இன்னும் பெரிய தொகை. இரு சக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை. பாரம் அதிகமான வண்டி சாலையை அதிகம் தேய்க்கும். அதனால் அதற்குக் கட்டணமும் அதிகம்.

மின் கட்டணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கடையில் ஒரு டஜன் பேனா மொத்தமாக வாங்கினால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். மின்சாரத்தில் தலைகீழ்! அதிகம் செலவழித்தால் ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். தமிழ்நாட்டில் 2016-ம் ஆண்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பாரம் குறையும். நாள் முழுவதும் ஏ.சி. ஓடும் வீடு கூடுதலாகக் கொடுக்கும். பார்த்தீர்களா, விலைப்பட்டியலை வைத்தே யாருக்கு உதவுவது, எதைச் சிக்கனப்படுத்துவது என்றெல்லாம் முடிவு செய்யலாம்.

இரண்டாவது பொருள்தான் செய்திகளில் வருவது. ஒரு நாட்டின் எல்லைக்குள் வரும் பொருளுக்கு அந்த நாட்டு அரசு வாங்கும் வரி. தமிழில் சுங்க வரி. சில சமயம் வெளியே போகும் பொருளுக்கும் இது உண்டு. இனி இதன் கதையைப் பார்ப்போம்.

புலிச் சின்னம் குத்திய மூட்டைகள்

சுங்கம் நமக்குப் புதிது இல்லை. சங்க காலத்தில் இதற்கு 'உல்கு' என்று பெயர். திருக்குறளில்கூட இந்தச் சொல் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து இறங்கும் பொருட்களையும், கப்பலேறப் போகும் பொருட்களையும் அதிகாரிகள் கண்காணித்து, சோழர்களின் புலிச் சின்னத்தைப் பொறித்து அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. இன்று விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் செய்யும் வேலையை, ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் செய்திருக்கிறார்கள்!

ஊர்ப் பெயர்களிலும் சுங்கம் ஒளிந்திருக்கிறது. கோயம்புத்தூரில் 'சுங்கம்' என்று ஒரு பேருந்து நிறுத்தம். திருச்சியில் 'நம்பர் 1 டோல்கேட்'. இந்தப் பெயர்கள் எல்லாம் வண்டிகளை நிறுத்திக் காசு வாங்கிய பழைய வாசல்களின் நினைவு.

சரி, வாசல்தோறும் காசு வாங்கினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வியாபாரி உப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றுகிறார். ஒரு மூட்டை 100 காசு. போகும் வழியில் ஐந்து சாவடிகள். ஒவ்வொன்றிலும் மூட்டைக்கு 4 காசு. ஊர் போய்ச் சேரும்போது மூட்டையின் அடக்கம் 120 காசு. அதற்கு மேல்தான் அவருடைய லாபம். அந்த 20 காசை வியாபாரி தன் கையில் இருந்து விட்டுக் கொடுப்பாரா? மாட்டார். முடிந்தவரை உப்பு வாங்குபவரின் தலையில்தான் வைப்பார். சாவடியில் காசை எண்ணி வைப்பவர் வேறு, அந்தப் பாரத்தைச் சுமப்பவர் வேறு! இந்த ஒன்றை மட்டும் மனசில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசி வரை இது நமக்கு உதவும்.

1070 முதல் 1122 வரை ஆண்ட முதலாம் குலோத்துங்க சோழன் இப்படி வாங்கி வந்த சுங்கத்தை நீக்கினார். மக்கள் அவருக்குக் கொடுத்த பட்டம், 'சுங்கம் தவிர்த்த சோழன்'! எத்தனையோ போர்களில் ஜெயித்த அரசர், ஒரு வரியை நீக்கியதற்காக இன்றும் நினைக்கப்படுகிறார். வியாபாரம் வளர வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை உண்டு. 1077-ல் 72 பேர் கொண்ட ஒரு தூதுக் குழுவைச் சீனாவுக்கே அனுப்பி வைத்தார்.

தெலுங்கு நாட்டில் இன்னொரு அரசர் வேறு வழியைப் பிடித்தார். காகதீய அரசர் கணபதி தேவர். அந்தக் காலத்தில் புயலில் சிக்கிக் கரை ஒதுங்கும் கப்பல்களின் சரக்கை எல்லாம் அரசர்களே எடுத்துக் கொள்ளும் வழக்கம் இருந்தது. கணபதி தேவர் 1244-45ல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கல்வெட்டு வைத்தார். 'இனி அப்படிப் பிடுங்க மாட்டோம். வரும் சரக்கு, போகும் சரக்கு எதுவானாலும் முப்பதில் ஒரு பங்கு சுங்கம் மட்டும் வாங்குவோம்' என்பது அதன் சாரம். முப்பதில் ஒரு பங்கு என்றால் நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய்க்குச் சற்று அதிகம். தொகை சிறியது என்பது மட்டும் விசேஷம் இல்லை. 'எவ்வளவு' என்று கல்லிலேயே எழுதி வைத்ததால், வெளிநாட்டு வணிகர் பயம் இல்லாமல் வரலாம். டாரிஃப் என்ற சொல்லின் பொருளே 'தெரியப்படுத்துதல்' தானே?

மலைக்கோட்டைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

செஞ்சி கடற்கரையில் இல்லை. ஆனால் செஞ்சியை ஆண்டவர்களின் கையில் துறைமுகங்கள் இருந்தன. கடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் தேவனாம்பட்டினம் அவற்றில் ஒன்று. 1600-களின் தொடக்கத்தில் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் அங்கே வந்தார்கள். எதற்கு? துணிக்கு! நம் தறிகளில் நெய்த பருத்தித் துணிக்குத் தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் ஏகப்பட்ட கிராக்கி. அதைக் கொடுத்துத்தான் அங்கே மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள்.

1677-ல் சத்ரபதி சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் 1689-ல் இங்கே வந்து தங்கினார். பின்னாலேயே ஔரங்கசீப்பின் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டது. அந்த முற்றுகை 1698 வரை நீண்டது.

இந்தச் சமயத்தில், 1690-ல், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ராஜாராமிடம் இருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அதற்கு ஒரு விசித்திரமான அளவுகோல். கோட்டையில் இருந்து பீரங்கியைச் சுட வேண்டும். குண்டு எங்கே விழுகிறதோ, அதுவரை கம்பெனிக்குச் சொந்தம்! அப்படிக் கிடைத்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. கடலூரில் இன்றும் 'குண்டு சாலை' இருக்கிறது. கம்பெனி வாங்கிய கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை.

வியாபாரம் செய்ய வந்தவர்களுக்குக் கோட்டை எதற்கு? துறைமுகத்தின் வாசல் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அங்கே வரியை முடிவு செய்வார். அடுத்தவர் வாசலில் சுங்கம் கட்டி வந்தவர்கள், தங்கள் வாசலில் சுங்கம் வாங்க ஆரம்பித்தார்கள். 1761-ல் செஞ்சிக் கோட்டையே ஆங்கிலேயர் வசமானது.

ஒரு வாசல் மூடியது, ஒரு வாசல் திறந்தது

வாசல் ஒருவர் கைக்கே போய்விட்டால் என்ன நடக்கும் என்பதை நம் நெசவாளர்கள் பார்த்தார்கள். இந்தியத் துணி என்றால் ஒரு காலத்தில் லண்டன்காரர்களுக்கு உயிர். அங்குள்ள நெசவாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1700-லும் 1721-லும் அச்சடித்த இந்தியப் பருத்தித் துணிகளுக்கு எதிராகப் பிரிட்டன் சட்டம் போட்டது.

1800-களின் தொடக்கத்தில், பிரிட்டனுக்குள் நுழையும் சில வகை இந்தியத் துணிகளுக்கு 70, 80 சதவீதம் வரை வரி இருந்தது என்று எச்.எச். வில்சன் என்ற ஆங்கிலேய அறிஞரே எழுதியிருக்கிறார். அதாவது, நம் ஊரில் 100 ரூபாய்த் துணி அங்கே வாசலிலேயே 170, 180 ரூபாய் ஆகிவிடும். அதே காலத்தில் பிரிட்டன் ஆலைத் துணி இந்தியாவுக்குள் வந்தால்? மூன்று, நான்கு ரூபாய் அளவுக்குத்தான் வரி!

அது போதாதென்று, நம் நாட்டுக்குள்ளேயே ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குச் சரக்கு கொண்டு போகவும் கம்பெனி ஆட்சியில் சுங்கம் உண்டு. சென்னை மாகாணத்தில் 1844-ல்தான் அது ஒழிந்தது. நம் கைத்தறி தோற்றதற்கு இயந்திரங்களும் முக்கிய காரணம். ஆனால் பந்தயம் ஓடும்போது ஒருவர் காலில் மட்டும் கல்லைக் கட்டிவிட்டால் அது சரியான பந்தயம் ஆகுமா? சுங்க வரி அப்படி ஒரு கல்லாகவும் ஆகலாம்.

மல்லாட்டையும் பாமாயிலும்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். செஞ்சிப் பக்கம் நிலக்கடலைக்கு 'மல்லாட்டை' என்று பெயர். 'மணிலா' என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவில் பிறந்த இந்தப் பயிர், பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா வழியாக வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். 1800-களின் பிற்பகுதியில் இந்த வட்டாரத்து மணிலா, புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரம் வரை போனது.

இன்று கதை மாறிவிட்டது. இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாடுகளில் இருந்து வாங்குகிறது. பாமாயில் இந்தோனேசியாவில் இருந்தும் மலேசியாவில் இருந்தும் வருகிறது. வந்து இறங்கும் எண்ணெய்க்குச் சுங்க வரி உண்டு. எவ்வளவு வைப்பது என்பதுதான் தலைவலி.

ஒரு கற்பனைக் கணக்கு. வெளிநாட்டு எண்ணெய் ஒரு லிட்டர் 100 ரூபாய்க்குத் துறைமுகத்துக்கு வருகிறது. நம் ஊர் எண்ணெய் ஒரு லிட்டரை 115 ரூபாய்க்குக் குறைத்துக் கொடுக்க முடியாது.

வரியே இல்லை என்றால், எல்லோரும் 100 ரூபாய் எண்ணெயைத்தான் வாங்குவார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் மல்லாட்டை போட்ட விவசாயிக்கு விலை கிடைக்காது. அடுத்த பட்டத்தில் அவர் மல்லாட்டை போடவே யோசிப்பார்.

20 சதவீதம் வரி போட்டால், வெளிநாட்டு எண்ணெய் 120 ரூபாய். நம் ஊர் எண்ணெய் 115 ரூபாய்க்கு விற்கும். விவசாயிக்குச் சந்தோஷம். செக்கு ஓடும், வேலை கிடைக்கும். 120 ரூபாய் எண்ணெயை வாங்குபவர்களிடம் இருந்து லிட்டருக்கு 20 ரூபாய் அரசுக்குப் போகும். ஆனால் அம்மா லிட்டருக்கு 15 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மாதம் 3 லிட்டர் என்றால் 45 ரூபாய். வருடத்துக்கு 540 ரூபாய்.

இது கற்பனை என்றாலும், நிஜத்திலும் இந்த இழுபறிதான். 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயில், கச்சா சோயா எண்ணெய், கச்சா சூரியகாந்தி எண்ணெய்க்கு அடிப்படைச் சுங்க வரியைப் பூஜ்யத்தில் இருந்து 20 சதவீதம் ஆக்கியது. எண்ணெய் வித்து விவசாயிகளுக்கு விலை குறைவாகக் கிடைத்ததுதான் காரணம். பிறகு கடைகளில் எண்ணெய் விலை ஏறியது. 2025 மே மாதக் கடைசியில் அந்த 20 சதவீதத்தை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். எட்டே மாதத்தில் ஒரு ஏற்றம், ஓர் இறக்கம்!

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2024-ல் சுத்திகரித்த எண்ணெய்க்கு வரி 12.5 சதவீதத்தில் இருந்து 32.5 சதவீதம் ஆனது. ஏன் கச்சா எண்ணெயை விட இதற்கு இவ்வளவு அதிகம்? கச்சா எண்ணெய் வந்தால் அதைச் சுத்தம் செய்யும் வேலை நம் ஊர் ஆலைகளுக்குக் கிடைக்கும். சுத்தம் செய்தே வந்துவிட்டால் அந்த வேலை போய்விடும். வேலையை உள்ளூரில் வைத்துக்கொள்ள அப்படி ஓர் ஏற்பாடு.

சுங்க வரி எதற்கெல்லாம் பயன்படுகிறது?

* அரசுக்கு வருமானம். பழங்கால அரசர்களுக்கு இது முக்கியமான வரவு.

* உள்ளூர்த் தொழிலுக்குப் பாதுகாப்பு. புதிதாக நட்ட செடிக்கு ஆடு மேயாமல் வேலி போடுகிறோமே, அதைப் போல. 2017 முதல் வெளிநாட்டில் தயாரான மொபைல் போன்களுக்கு இந்தியா சுங்க வரி விதித்தது. போன் கம்பெனிகள் இங்கேயே தொழிற்சாலை வைக்க அதுவும் ஒரு காரணம். நம் ஸ்ரீபெரும்புதூரில் இன்று போன்கள் தயாராகின்றன.

* இறக்குமதியைக் குறைப்பது. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்த சுங்க வரி, 2020-ல் 60 சதவீதம் ஆனது. 2023-ல் 70 சதவீதம் ஆனது. 'ஐயோ, பொம்மைக்கா?' என்று கேட்கிறீர்களா? உங்கள் ஊர்ப் பொம்மைக்காரர் 'அப்பாடா' என்பார்!

* பேரம் பேசுவது. 'நீ உன் வரியைக் குறை, நான் என் வரியைக் குறைக்கிறேன்' என்று நாடுகள் பேசிக் கொள்ளும்.

வேலி நல்லதுதான். ஆனால் செடி மரமான பிறகும் வேலி அப்படியே இருந்தால்? போட்டி இல்லாத கம்பெனிக்கு நல்ல பொருள் செய்ய அவசரம் இருக்காது. மக்கள் அதிக விலைக்கு மட்டமான பொருளை வாங்க நேரும். 1991-ல் இந்தியாவில் பல பொருட்களுக்குச் சுங்க வரி 100 சதவீதத்தைத் தாண்டி இருந்தது. பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள். 2007-ல், விவசாயம் சாராத பெரும்பாலான பொருட்களுக்கு உச்ச வரி 10 சதவீதம் என்ற நிலைக்கு வந்தது.

தெரியுமா உங்களுக்கு?

உலகத்தில் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத் துறையில் ஓர் எண் உண்டு. உங்கள் பள்ளியில் சேர்க்கை எண் இருப்பது போல! தேங்காய்க்கு 0801. மல்லாட்டைக்கு 1202. கடலை எண்ணெய்க்கு 1508. பாமாயிலுக்கு 1511. பொம்மைக்கு 9503. இந்த எண் முறை 1988-ல் நடைமுறைக்கு வந்தது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு இதைப் பராமரிக்கிறது. சீனாவில் மல்லாட்டைக்கு என்ன பெயரோ தெரியாது, ஆனால் அங்கேயும் அது 1202 தான்!

அடுத்தவர் வாசலில் வரி ஏறினால்?

நாம் மட்டுமா வாசல் வைத்திருக்கிறோம்? எல்லா நாடுகளும் வைத்திருக்கின்றன. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா, பல இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் கூடுதல் வரி என்ற நிலைக்குக் கொண்டு வந்தது. உடனே திருப்பூர் பதறியது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதிக்குத் தலைநகரம் அல்லவா? அங்கே தைக்கும் பனியன்களுக்கு அமெரிக்கா பெரிய சந்தை.

யோசித்துப் பாருங்கள். வரியைக் கட்டுவது அமெரிக்காவில் இறக்குமதி செய்யும் கம்பெனி. திருப்பூர்க்காரர் இல்லை. அப்படியிருக்க இவர் ஏன் பதற வேண்டும்? உப்பு வியாபாரி கணக்கை நினைத்துப் பாருங்கள். அந்தக் கம்பெனி பாரத்தைத் தன் தலையில் மட்டும் வைத்துக்கொள்ளாது. கொஞ்சத்தை அமெரிக்க வாடிக்கையாளரிடம் ஏற்றும். கொஞ்சத்தை, 'விலையைக் குறை, இல்லாவிட்டால் வேறு நாட்டில் வாங்கிக் கொள்கிறேன்' என்று திருப்பூரிடம் தள்ளும். ஆர்டர் குறைந்தால், தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கூலியில் கை வைக்கும். இப்படிக் கடல் தாண்டியும் பாரம் கைமாறும்.

கோபத்தில் ஒருவர் ஏற்ற, பதிலுக்கு இன்னொருவர் ஏற்ற, கடைசியில் என்ன ஆகும்? 1930-ல் அப்படி ஆனது. அமெரிக்கா ஏராளமான பொருட்களுக்கு வரியை உயர்த்தியது. கனடா முதலிய நாடுகள் பதிலுக்கு உயர்த்தின. ஏற்கனவே படுத்திருந்த உலக வியாபாரம் இன்னும் சுருங்கியது. அந்தப் பாடத்தைப் படித்த 23 நாடுகள் 1947-ல் கூடிப் பேசி ஓர் ஒப்பந்தம் போட்டன. அவற்றில் இந்தியாவும் ஒன்று. அதன் வாரிசுதான் ஜெனீவாவில் 1995 ஜனவரி 1 அன்று தொடங்கிய உலக வர்த்தக அமைப்பு. அதில் சேர்ந்த நாடுகள், எந்தப் பொருளுக்கு அதிகபட்சம் எவ்வளவு வரி என்று எழுதிக் கொடுக்கின்றன. மோட்டுப்பள்ளிக் கல்வெட்டு ஞாபகம் வருகிறதா?

நாட்டுக்குள்ளே?

புதுச்சேரி, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. அதனால் செஞ்சியில் இருந்து 70 கிலோமீட்டர் தூரத்திலேயே ஒரு 'வெளிநாடு'! நடுவில் சுங்கச் சோதனை உண்டு. இன்று அந்தச் சோதனை இல்லை. ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் பொருளுக்கு நாட்டுக்குள் சுங்க வரி கிடையாது. மாநில எல்லைகளில் லாரிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த வணிக வரிச் சோதனைச் சாவடிகளும், 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு மூடப்பட்டன. குலோத்துங்க சோழன் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மூன்று கேள்விகள்

இனி 'வரி ஏறியது', 'வரி குறைந்தது' என்று செய்தி வந்தால், நல்லதா கெட்டதா என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. இதனால் லாபம் யாருக்கு?

2. நஷ்டம் யாருக்கு?

3. காசை எண்ணி வைப்பது யார், கடைசியில் அதைச் சுமப்பது யார்?

மூன்றாவது கேள்விதான் கடினம். அதற்கான பதில் வாசலில் இருக்காது. கடையில், வயலில், தறியில், தையல் மிஷினில் தேட வேண்டும்.

இந்த வார வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டு எண்ணெய் பாக்கெட்டை எடுத்து, அது என்ன எண்ணெய், எங்கே தயாரானது, விலை எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போன வருஷ விலையைக் கேளுங்கள். உங்கள் ஊரில் மல்லாட்டையோ எள்ளோ பயிரிடுபவர் இருந்தால், அவருக்கு மூட்டைக்கு என்ன விலை கிடைத்தது என்றும் விசாரியுங்கள். இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வரியை ஏற்றலாமா, குறைக்கலாமா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றம் வையுங்கள். அம்மா ஒரு கட்சி, விவசாயித் தாத்தா ஒரு கட்சி. நடுவர் நீங்கள்தான். தீர்ப்பு சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும்!